எட்டு வாசலில் ஒரே செருப்பு

என்னிடம் ஒரு கோளாறு உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எந்தச் சேதியையும் போனில் சொல்ல எனக்கு வராது. நேரில் போக வேண்டும், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும், மழை உண்டா, மல்லாட்டை எப்படிக் காய்த்திருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விஷயம். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.)

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறும் இல்லை. திண்டிவனத்தைச் சுற்றி எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. தங்கை மகள் கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது என்பதற்காக என் பெரியப்பா மகன் அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை. "படத்த அனுப்பனா, நானும் பூச்செண்டு படம் ஒண்ணு அனுப்பிட்டேன். அவளுக்கும் எனக்கும் சரியாப் போச்சு" என்றார். அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்தவன், நாய்க் காப்பகம் நடத்தியிருக்கக் கூடாது. நடத்தினேன்.

மரக்காணம் ரோட்டில் எனக்கு ஒரு கொட்டகை இருந்தது. சாமியானா, நாற்காலி, அண்டா, குண்டா எல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். கல்யாண மண்டபக்காரர்கள் எல்லாவற்றையும் தாங்களே வாங்கி வைத்துக்கொண்ட பிறகு கொட்டகை காற்று வாங்கியது. அந்தச் சமயத்தில்தான், காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு நாய்கள் பகலெல்லாம் தனியாகக் கிடந்து ஊளையிடுவது என் காதில் விழுந்தது. காலையில் கொண்டுவந்து விடட்டும், சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று யோசனை வந்தது. செல்போனில் வீடியோ பார்த்தே தொழில் கற்றேன். என் மனைவி செல்வி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "வீட்டுல குக்கர் எத்தினி விசில் வுட்டுதுன்னு எண்ணத் தெரியாது. அமெரிக்கா நாய் இன்னா துன்னுதுன்னு பாத்துக்கினு கீறாரு."

ஒன்பது நாய்கள் சேர்ந்தன. சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். காலையில் ஃபினைல், மதியம் ஃபினைல், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, வாசற்படிக்கு மஞ்சள் தண்ணீர். பஸ்ஸில் போகிறவர்கள்கூட "நாய் ஆஸ்பத்திரி வந்துச்சு" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அந்த வாசனைக்கு எந்தக் கிருமியும் கிட்டே வராது என்பது என் விஞ்ஞானம்.

தடுப்பூசி விஷயத்திலும் நான் கண்டிப்பானவன்தான். "ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்பேன். "போட்டாச்சு" என்பார்கள். முடிந்தது. ஊசி அட்டையைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? பந்தி வாசலில் நின்று மொய் எழுதிய சீட்டைக் காட்டு என்று கேட்கிற மாதிரி இருக்காதா?

ஒன்பதாவதாக வந்தவன் ஜாக்கி. உரக்கடைப் பெருமாளின் நாய், மூன்று மாதக் குட்டி, கறுப்பு. வந்த நான்காம் நாள், ஒரு திங்கட்கிழமை, மூலையில் சுருண்டு படுத்தது. வாந்தி எடுத்தது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ரத்தமாகப் போனது. அந்த நாற்றம் எந்த ஃபினைலுக்கும் அடங்கவில்லை. குட்டியைத் துண்டில் சுற்றி, பெருமாளையும் ஏற்றிக்கொண்டு, வேனை விழுப்புரத்துக்கு விரட்டினேன்.

அங்கே ரேவதி என்று ஒரு கால்நடை டாக்டர் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். சின்ன வயது, அதிகம் பேச மாட்டார். பரிசோதனைப் பட்டையைப் பார்த்துவிட்டு, "பார்வோ" என்றார்.

"அப்படின்னா இன்னாங்க மேடம்?"

"வைரஸ். குட்டிங்களோட குடலத் தாக்கும். நாய்க்கு நாய் ஜல்தியாப் பரவும், மனுஷனுக்கு வராது. குட்டிய இங்க தனியா வெச்சுக்கறேன். உங்க காப்பகத்துக்கு வர்ற மத்த நாய்க்காரங்க எல்லாருக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க. நீங்க கை கால் நல்லாக் கழுவிட்டு, துணிய மாத்திக்குங்க. காப்பகத்த மூடுங்க."

'எல்லாருக்கும் இன்னைக்கே சொல்லிடுங்க' என்றதும் எனக்குள் இருந்த சேதி சொல்கிறவன் எழுந்து நின்றுவிட்டான்.

டாக்டர் சொன்னதில் எதையும் நான் தட்டவில்லை. கொட்டகையில் இருந்த நாய்களை அவரவர் ஆள் வந்து கூட்டிப் போனதும் (கொட்டகை வாசலில் வைத்துச் சொல்கிற சேதியா இது?) ஷட்டரை இழுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். வெளுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. செருப்பு மட்டும் காலையில் போட்டிருந்த அதே செருப்பு. (செருப்பை யாராவது குளிப்பாட்டுவார்களா?)

"எட்டு பேருக்கும் ஒரு போன் போட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றாள் செல்வி.

"அவங்க புள்ள மாதிரி வளக்கற நாய்க்கு வந்த ஆபத்த போன்ல சொல்றதா? மரியாதை வேணாம்?"

"உங்க மரியாதை காப்பி குடிச்சுதான் அடங்கும்."

வெறுங்கையோடு போகக் கூடாது. கெட்ட சேதிக்குப் பழம் வாங்கலாமா என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, எட்டு பாக்கெட் நாய் பிஸ்கட் வாங்கினேன்.

எட்டு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றி விட்டேன். உள்ளே போனேன். உட்கார்ந்தேன். நாய் ஓடி வரும், தலையைத் தடவி பிஸ்கட் கொடுப்பேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நோய் வந்திருக்குங்க. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். கண்ணுக்கே தெரியாது. எங்க இருந்து வரும்னு சொல்ல முடியாது" என்பேன். எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள். ஏழாவது வீட்டில் ஒரு அம்மா, "இந்தக் காலத்துல யாரு இப்படி வீடு தேடி வந்து சொல்றாங்க" என்று கண் கலங்கினார். எனக்கும் கண் கலங்கியது.

எட்டாவது வீடு மலர் டீச்சருடையது. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். கணவர் இல்லை, மகன் வெளியூரில். ஒரு மாதத்துக்கு முன்னால் மல்லாட்டைக் கொல்லை ஒன்றில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த குட்டியை எடுத்து வந்திருந்தார். உடைத்த மல்லாட்டை நிறம், இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் வயது. பெயரும் மல்லாட்டை. ஒரே ஒரு ஊசி ஆகியிருந்தது. டீச்சர் பத்து நாளாக லீவில் இருந்ததால் அது காப்பகத்துக்கே வரவில்லை, ஜாக்கியின் முகத்தையே பார்த்ததில்லை.

"உங்க குட்டி ஒண்ணுதான் டீச்சர் தப்பிச்சுது" என்றேன். "வீட்ட விட்டு வெளிய எடுக்காதீங்க. எந்த நாயும் கிட்ட வரக் கூடாது."

"சரி ஏழுமலை. இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே." காப்பி வந்தது. முறுக்கும் வந்தது.

கிளம்பும்போது வாசலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றைத் தேடினோம். சோபாவுக்கு அடியில், முன்னங்கால்களால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, என் செருப்பின் வாரை மல்லாட்டை ஆனந்தமாக மென்றுகொண்டிருந்தது. நான் கைதட்டிச் சிரித்தேன். "பாருங்க டீச்சர், என்னப் போவ வுட மாட்டேங்குது!" என்று சொல்லி, எச்சில் வழிந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு நல்ல காரியம் செய்து முடித்த திருப்தியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை டாக்டருக்குப் போன் செய்தேன். (டாக்டருக்கு மட்டும் போனில் பேசலாம், அது பீஸ் சம்பந்தப்பட்டது.)

"சொல்லிட்டேன் மேடம். எட்டு வீட்டுக்கும் நேர்லயே போனேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நேர்லன்னா?" என்றார் டாக்டர்.

"வீட்டுக்குப் போய்தாங்க. குளிச்சிட்டு, துணி மாத்திட்டுதான் போனேன்."

"செருப்பு?"

"செருப்ப யாரு மேடம் உள்ள போட்டுக்கினு போவாங்க? வாசல்லயே கழட்டி வுட்டுட்டேன்."

"சரி. வாசல்ல யாரு படுத்திருப்பாங்க?"

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எட்டு வாசலும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன. எட்டிலும் என் செருப்பு. எட்டிலும் அதை முகர்ந்துகொண்டு ஒரு மூக்கு. கடைசி வாசலில் மட்டும் ஒற்றைச் செருப்பு.

விழுப்புரத்துக்கு வரச் சொன்னார். உள்ளே விடவில்லை, ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தார். மருந்துச் சீட்டைத் திருப்பி, நடுவில் ஒரு வட்டம் போட்டு 'ஏழுமலை' என்று எழுதினார். அதிலிருந்து எட்டுக் கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வீடு.

"இது விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி இருக்குதுங்க" என்றேன், வாயை மூடத் தெரியாமல்.

"ஆமாம். எல்லா வண்டியும் உங்க கிட்ட இருந்துதான் கிளம்பியிருக்கு."

பிறகு அவர் சொன்னதை நான் இன்றுவரை வாய் பிளந்துதான் நினைத்துப் பார்க்கிறேன். கடுகளவு மலத்தில் அந்த வைரஸ் கோடிக்கணக்கில் இருக்குமாம். மண்ணில், தரையில், செருப்பின் பள்ளத்தில் மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருக்குமாம். வெயிலையும் குளிரையும் தாங்குமாம்.

"என் ஃபினைலு?"

"ஃபினைல் உங்க திருப்திக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு அவமானத்தையும் மீறி ஒரு பிரமிப்பு வந்தது. கால் கிடையாது, வாய் கிடையாது, கண்ணுக்கே தெரியாது. ஆனால் திண்டிவனத்தில் எட்டு வீடு ஏறி இறங்க அதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி, பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

"இப்ப எல்லாருக்கும் போன் பண்ணுங்க" என்றார் டாக்டர். "போன். நடந்ததை மறைக்காம சொல்லுங்க. ஊசி அட்டைய படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. அந்தச் செருப்பு கடிச்ச குட்டிய டீச்சர் கண்ண எடுக்காம பாக்கணும். ஒரு வேளை சோறு வேணாம்னாகூட உடனே இங்க வந்துடணும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக எட்டுச் சேதிகளைப் போனில் சொன்னேன். எட்டும் ஒரே சேதி. 'உங்கள் வீட்டுக்கு வந்த ஆபத்து நான்தான்.' வெறுங்கையோடு, காப்பி இல்லாமல், முகத்தைப் பார்க்காமல் அதைச் சொல்வது போல ஒரு பேஜாரு உலகத்தில் இல்லை. கண் கலங்கிய அம்மாவுக்கு இந்தத் தடவை கண் கலங்கவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மலர் டீச்சர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஏழுமலை, இப்ப எங்க இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டு கிட்டங்க டீச்சர். நேர்ல வந்து மன்னிப்பு..."

"அங்கயே இருங்க" என்று போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை ஜாக்கி செத்துப்போனது. அதை எப்படி வேடிக்கையாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெருமாள் போனில்தான் சொன்னார். "நேர்ல வரணும்னுதான் கிளம்பனேன்ணே. கால்ல ஒட்டிக்கினு வந்துடப் போவுதுன்னு நின்னுட்டேன்." பிறகு, "வித்தவன் ஊசி போட்டாச்சுன்னு சொன்னான்ணே. அட்டைய நான் கேக்கல" என்றார். நானும் கேட்கவில்லை. அந்தப் போனுக்கு முன்னும் பின்னும் எனக்கு வந்த எந்தச் சேதியும் அத்தனை மரியாதையாக வந்ததில்லை.

சனிக்கிழமை காலை டீச்சரின் குரல். "மல்லாட்டை பால் குடிக்கல. நான் விழுப்புரத்துக்குக் கிளம்பிட்டேன்."

வேனை எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் டாக்டர் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். டீச்சர் அதற்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் அவரிடமிருந்து இன்னும் பத்தடி தள்ளி நின்றேன்.

"பொழைக்குமாங்க மேடம்?" என்று கத்தினேன்.

"வாந்தி ஆரம்பிக்கறதுக்குள்ள கொண்டாந்துட்டாங்க. அந்த போன் வரலன்னா நாளைக்குதான் வந்திருப்பாங்க. மூணு நாலு நாள் போகட்டும்."

"நான் எதாச்சும் பண்ணணுங்களா?"

"பண்ணணும். வராம இருக்கணும்."

அது மட்டும் என்னால் முடியவில்லை. தினமும் காலையில் புதுச் செருப்போடு போய்க் கோட்டுக்கு வெளியே நின்றேன். ஜன்னல் வழியாகக் கஸ்தூரி தெரிவாள். டாக்டரிடம் வேலை செய்கிற பெண், வளவனூர் பக்கம். அந்த அறைக்குள் போகும்போது ப்ளீச்சிங் தண்ணீர்த் தட்டில் ரப்பர் பூட்ஸோடு காலை முக்குவாள். தனி வெள்ளைக் கோட்டு, தனிக் கையுறை. குட்டியைத் துடைப்பாள், பேப்பரை மாற்றுவாள், ட்ரிப்ஸைப் பார்ப்பாள். வெளியே வரும்போது எல்லாவற்றையும் கழற்றி மூட்டையில் போட்டுவிட்டு, மறுபடியும் காலை முக்குவாள். அரைமணியில் குட்டி மறுபடி வாந்தி எடுக்கும். மறுபடியும் கோட்டு, கையுறை, பூட்ஸ். ஒரு தடவைகூட ஒரு படியைத் தாண்டவில்லை. யாரும் பார்க்காதபோதும் தாண்டவில்லை. (நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.) எங்கள் பக்கத்துப் பனமலைக் கோயிலில் இருக்கிற ஆயிரம் வருஷப் பழைய சுவர் ஓவியத்துக்கு முன்னால் ஒரு தடவை பேச்சு வராமல் நின்றிருக்கிறேன். இரண்டாவது தடவை நின்றது இந்த ஜன்னலுக்கு முன்னால்.

"அலுப்பா இல்லியாம்மா?" என்று ஒரு நாள் எட்டிக் கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா அடிச்சுத் தொரத்தலாம்ணா. தெரியலியே, அதான் எல்லா எடத்துலயும் இருக்குதுன்னு நெனச்சுக்கினு செய்யறேன்" என்றாள். எனக்குத் தெரிந்து சாமியைப் பற்றிக்கூட யாரும் இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.

இங்கே திண்டிவனத்தில் செல்வி கொட்டகையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பாயையும் துணியையும் எரித்தாள். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், அதற்கு மேல் ப்ளீச்சிங் தண்ணீர், அது பத்து நிமிஷம் காயாமல் ஈரமாகவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்வி குக்கர் டைமரைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். எட்டு நிமிஷத்தில் நான் துடைப்பத்தை எடுத்தால், "கீழ வெய்யுங்க!" என்று ஒரு சத்தம். எட்டு வீட்டு வாசல்களுக்கும் வாளியும் அளவு டம்ளரும் எடுத்துக்கொண்டு அவளே போனாள். என்னை வேனைவிட்டு இறங்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மல்லாட்டை தலையைத் தூக்கவில்லை. டீச்சர் கோட்டருகே நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் நிறையப் பேச்சு இருந்தது, ஒன்றும் பேசவில்லை. செல்வி இதை இன்றும் நம்ப மறுக்கிறாள்.

புதன்கிழமை காலை கஸ்தூரி அறைக்குள் போனாள், குனிந்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினாள். ரப்பர் பூட்ஸின் நுனியில், முன்னங்காலில் ட்ரிப்ஸ் ஊசியோடு, எலும்பும் தோலுமாக, மல்லாட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கடித்த பிடியை விடவில்லை.

டீச்சர் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஏழுமலை, இதுக்குச் செருப்புப் பைத்தியம் புடிக்க வெச்சதே நீங்கதான்" என்றார். எட்டு நாளில் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

மற்ற ஏழு நாய்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் வளர்ந்தவை, அட்டைகள் சரியாக இருந்தன. "உங்க மரியாதைய விட ஊசி ஸ்ட்ராங்கா இருந்துச்சு" என்றார் டாக்டர். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கொட்டகையைத் திறந்தேன். இப்போதெல்லாம் அட்டை இல்லாமல் கலெக்டர் வீட்டு நாய் வந்தாலும் கேட்டைத் தாண்ட முடியாது. வாசலில் தட்டு நிறைய ப்ளீச்சிங் தண்ணீர்.

போன வருஷம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்ததும், வீடு வீடாகக் கிளம்ப வேட்டியை எடுத்தேன். அதற்குள் செல்வி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். "அவரு நேர்ல வரட்டுமா, வாட்ஸப்புல அனுப்பட்டுமா?" வாட்ஸப் பத்திரிகைக்காகத் தங்கை வீட்டுக் கல்யாணத்தையே புறக்கணித்த பெரியப்பா மகன் உட்பட, எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "வாட்ஸப்பு போதும்மா, அவன வூட்டுலயே வெச்சுக்கோ." எங்கள் வம்சத்தின் பல தலைமுறை ரோஷம் என் செருப்பால் முடிந்தது.

ஒரே ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க நேர்ல வந்து வெக்கலன்னா நான் வர மாட்டேன்" என்றார் மலர் டீச்சர்.

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு போனோம். டீச்சர் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, நிறையத் தண்ணீர். அந்த வாசனையை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன்.

"செருப்போட ஏறி நில்லுங்க ஏழுமலை. பத்து நிமிஷம். டைம் பாத்துக்கினு இருக்கேன்."

ஏறி நின்றேன். பட்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் தாம்பாளத்தோடு. உள்ளேயிருந்து மல்லாட்டை வந்தது. இடுப்பு உயரம், பளபளவென்ற தோல். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தண்ணீருக்குள் இருந்த என் செருப்பையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைக் கொல்லப் பார்த்ததும் தெரியாமல், காப்பாற்றியவர்களையும் தெரியாமல், என் செருப்பை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.

செல்வி அப்போது எடுத்த படம்தான் இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பின் முகப்புப் படம். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு முந்தின பக்கத்திலும் அதுதான். புதிதாக வந்த சம்பந்தி வீட்டார் யாராவது "இவரு ஏன் தண்ணியில நிக்கறாரு?" என்று கேட்டால் போதும். கூட்டத்தில் யாராவது ஒருவர் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். "அது ஒண்ணுமில்ல, எங்க மாமா ஒரு சேதி சொல்லப் போனாரு..."